விளையாட்டு வரலாற்று நாட்காட்டி: 365 தாள்களை ஓராண்டு வாசித்த பின்

2022 டிசம்பர் இறுதி வாரத்தில், ஹட்டன் நகரப் புத்தகசாலையொன்றில் பாடசாலைக்கான வரவுப் பதிவேடுகளை வாங்கிக்கொண்டிருந்தபோது, கல்லாப்பெட்டிக்கு மேலே சாமிப் படக் கலண்டர்களுக்கு நடுவில் தொங்கிய ஒன்று கண்ணில் பட்டது. அதன் அட்டையில் முருகனும் இல்லை, லட்சுமியும் இல்லை. ஒரு துடுப்பு மட்டையும் ஒரு சோடி ஓட்டச் சப்பாத்தும் வரையப்பட்டிருந்தன. நாளுக்கொரு தாள், ஒவ்வொரு தாளிலும் அதே திகதியில் வெவ்வேறு ஆண்டுகளில் விளையாட்டு உலகில் நடந்த நான்கைந்து சம்பவங்கள், எல்லாம் தமிழில். விலை 850 ரூபா. கடதாசி விலை ஏறிக்கிடந்த அந்த நாட்களில் ஒரு கலண்டருக்கு அது சற்று அதிகம்தான் என்றாலும், உடற்கல்வி கற்பிக்கும் ஒருவனால் அதை அந்தச் சுவரிலேயே விட்டுவிட்டு வர முடியவில்லை.

ஓராண்டு முழுவதும் பயன்படுத்திய பின்னரே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். வெளியீட்டாளரின் பெயரை எழுதாமைக்குக் காரணம் உண்டு. தாள்களில் கண்ட பிழைகளை இரண்டு தடவை கடிதமாக அவர்களுக்கே அனுப்பியிருக்கிறேன். பதில் எழுத அவர்களுக்கு அவகாசம் கொடுத்துவிட்டு, அதற்கிடையில் பெயரைச் சொல்லிக் குறைகூறுவது முறையாகாது. தமிழில் இவ்வகையான வேறொரு கலண்டரை மலையகக் கடைகளில் நான் கண்டதில்லை என்பதால், தேடுவோருக்கு இதைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இராது.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தாள் மெல்லியது, பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் நிழலாகத் தெரிகிறது. மேலே தகரப் பட்டியும் பசையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். கொழும்பில் அந்தப் பசை ஆண்டு முழுவதும் தாங்கக்கூடும். ஆனால் ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை இறங்கியதும், ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் அறைக்குள் வந்து உட்காரும் எங்கள் பக்கத்தில், ஜூலை நடுப்பகுதியில் பசை இளகி, ஆகஸ்ட் மாதத் தாள்கள் முழுவதும் ஒரே நாளில் கழன்று விழுந்துவிட்டன. தரம் 9 மாணவன் ஒருவன் அவற்றைப் பொறுக்கி, வரிசைப்படுத்தி, ஊசியால் துளையிட்டு, கொழுந்துக் கூடைக்குக் கட்டும் கயிற்றில் பிரித்தெடுத்த இழையால் கோர்த்துத் தந்தான். அதன் பிறகு நாங்கள் எந்தத் தாளையும் கிழிக்கவில்லை. புரட்டிப் பின்னால் விட்டோம். கிழிக்கும் கலண்டரைப் புத்தகமாக்கிய பெருமை மழைக்கே சேரும்.

இன்னொரு குறையைச் சொன்னவர் என் தாயார். இதில் இராகு காலம் இல்லை, சுப நேரம் இல்லை, போயா தினம்கூடத் தனியாகக் காட்டப்படவில்லை. “நல்லது கெட்டதுக்கு நேரம் பார்க்க முடியாத கலண்டர் என்னத்துக்கு?” என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆகவே அதை வீட்டில் மாட்டாமல், பாடசாலையில் பந்துகளும் வலைகளும் வைக்கும் அறையின் கதவுக்கு அருகில் மாட்டினேன். காலைக் கூட்டத்தில் ஒரு மாணவர் அன்றைய தாளை வாசிப்பது வழக்கமாயிற்று. இரண்டு நிமிட வேலைதான். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் எந்தத் தாள் பிள்ளைகளைப் பிடித்து நிறுத்துகிறது, எந்தத் தாள் காற்றோடு போகிறது என்பது நாளடைவில் நன்றாகத் தெரிந்துவிட்டது.

பிடித்து நிறுத்திய தாள்களில் முதலிடம் மார்ச் 17க்கு. இலங்கையர் எவருக்கும் அந்தத் திகதியின் பொருள் தெரியும்: 1996ஆம் ஆண்டு அதே நாளில் லாகூரில் அவுஸ்திரேலியாவை 7 விக்கட்டுகளால் வென்று உலகக் கிண்ணத்தைக் கைப்பற்றினோம். அரவிந்த டி சில்வா 42 ஓட்டங்களுக்கு 3 விக்கட்டுகளை வீழ்த்தி, இரண்டு பிடிகளை எடுத்து, பின்னர் ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களைக் குவித்தார். அதற்கு முந்தைய ஐந்து உலகக் கிண்ண இறுதிப் போட்டிகளிலும் முதலில் துடுப்பெடுத்தாடிய அணியே வென்றிருந்தது; நாணயச் சுழற்சியில் வென்ற அர்ஜுன ரணதுங்க அந்த வழக்கத்தைப் பொருட்படுத்தாமல் எதிரணியைத் துடுப்பெடுத்தாட அழைத்தார். இவ்வளவையும் தாள் சரியாகச் சொல்கிறது. அதே தாளில் இன்னும் மூன்று சம்பவங்கள் உள்ளன. 1977 மார்ச் 17 அன்று மெல்பேர்னில் டெஸ்ட் கிரிக்கெட்டின் நூற்றாண்டுப் போட்டி முடிவடைந்தது. அவுஸ்திரேலியா இங்கிலாந்தை 45 ஓட்டங்களால் வென்றது. நூறு ஆண்டுகளுக்கு முன்னர், 1877இல், அதே மைதானத்தில் நடந்த முதலாவது டெஸ்டிலும் அவுஸ்திரேலியா வென்றது அதே 45 ஓட்டங்களால்தான். 2007 மார்ச் 17 அன்று மேற்கிந்தியத் தீவுகளில் நடந்த உலகக் கிண்ணப் போட்டிகளில் ஜமைக்காவில் அயர்லாந்து பாகிஸ்தானையும், போர்ட் ஒஃப் ஸ்பெயினில் பங்களாதேஷ் இந்தியாவையும் ஒரே நாளில் வீழ்த்தின. அயர்லாந்து மக்கள் தங்கள் புனித பற்றிக்கைக் கொண்டாடும் நாளும் அதுவே.

இந்தத் தாளை வாசித்த அன்று கூட்டம் முடிந்த பின்னரும் பிள்ளைகள் கலையவில்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். நான்கு சம்பவங்களும் வெறுமனே ஒரே திகதியில் நிகழ்ந்தவை அல்ல; அவை ஒன்றோடொன்று பேசுகின்றன. எவரும் பெரிதாக எண்ணியிராத அணிகள் வென்ற கதை மூன்று இடங்களில் வருகிறது. நூறு ஆண்டு இடைவெளியில் ஒரே எண்ணிக்கை திரும்பி வருகிறது. வருடத்தில் 365 நாட்கள்தான். விளையாட்டு வரலாற்றிலோ சம்பவங்கள் ஆயிரக்கணக்கில். எந்தத் திகதியைத் தொட்டாலும் நான்கைந்து கிடைக்கத்தான் செய்யும். திகதி ஒன்றாகிவிட்டதால் மட்டும் இரண்டு சம்பவங்கள் சொந்தமாகிவிடுவதில்லை. அவற்றுக்கு இடையிலான நூலைக் கண்டெடுத்துக் கொடுப்பதுதான் இப்படியொரு நாட்காட்டியைத் தொகுப்பவரின் வேலை. அந்த வேலை இதில் சில தாள்களில் அழகாக நடந்திருக்கிறது, பல தாள்களில் நடக்கவேயில்லை. என் முறைப்பாடு முழுவதும் இதில் அடக்கம்.

மார்ச் 17 தாளிலும் ஒரு பிழை உண்டு. 1877இன் முதலாவது டெஸ்டும் அதே திகதியில் முடிந்ததாக அச்சிட்டிருக்கிறார்கள். கதை முழுமையாக வரவேண்டும் என்ற ஆசையில் செய்த பிழையாக இருக்கலாம். அந்தப் போட்டி 1877 மார்ச் 15, வியாழக்கிழமை தொடங்கியது. 17ஆம் திகதி அதன் மூன்றாவது நாள். 18 ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. 19ஆம் திகதியே முடிவடைந்தது. சார்ள்ஸ் பெனர்மன் 165 ஓட்டங்களோடு விரலில் காயமடைந்து வெளியேறியது இரண்டாம் நாளில். 45 என்ற எண்ணிக்கை பொருந்துவதே போதுமான வியப்பு; திகதியையும் இழுத்துப் பொருத்தியிருக்கத் தேவையில்லை.

இந்த இடத்தில் என்னுடைய மார்ச் 17ஐயும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1996இல் எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், மின்சாரம் கிடையாது. கடைசிக் காம்பிராவில் இருந்தவர் வைத்திருந்த கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிக்குக் கார் பட்டரிதான் உயிர். நாள் முழுவதும் பட்டரியைக் காப்பாற்றி, இலங்கை துடுப்பெடுத்தாடும்போதுதான் போட்டார்கள். குருசிங்க 65 ஓட்டங்களோடு ஆட்டமிழந்து ரணதுங்க உள்ளே வந்த நேரத்தில் பட்டரி இறங்கத் தொடங்கியது. படம் நான்கு பக்கமும் சுருங்கி, கறுப்புச் சட்டத்துக்குள் ஒரு தபாலட்டை அளவில் வந்து நின்றது. கடைசி ஓட்டத்தை நாங்கள் பார்க்கவில்லை. மேல் லயத்திலிருந்து எழுந்த சத்தத்தில்தான் தெரிந்துகொண்டோம்.

மே 25 தாளும் நல்ல தாள்களில் ஒன்று. 1935இல் அன்றைய நாளில் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் 45 நிமிடங்களுக்குள் மூன்று உலக சாதனைகளைப் புதிதாக நிலைநாட்டி, இன்னொன்றைச் சமன்செய்தார். சில நாட்களுக்கு முன்னர் படிக்கட்டில் விழுந்து முதுகு வலியோடு வந்தவர் அவர். அன்று அவர் தாண்டிய 8.13 மீற்றர் நீளம் 25 ஆண்டுகள் அசையாமல் நின்றது. அதே திகதியில், 1965இல், முகமது அலி சோனி லிஸ்டனை முதலாவது சுற்றிலேயே வீழ்த்தினார். 1967இல் லிஸ்பனில் செல்டிக் உதைபந்தாட்டக் கழகம் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. 2005இல் இஸ்தான்புல்லில், இடைவேளையின்போது 3-0 எனப் பின்தங்கியிருந்த லிவர்பூல், ஏசி மிலானுக்கு எதிராக ஆறு நிமிடங்களில் மூன்று கோல்களைப் போட்டுச் சமப்படுத்தி, தண்டனை உதைகளில் வென்றது. நீளம் பாய்தலுக்கு எங்கள் பாடசாலையில் இருப்பது மரத்தூளும் ஆற்று மணலும் கலந்த ஒரு குழி. தாளை வாசித்த அன்று மாலையே அந்தக் குழியின் ஓரத்திலிருந்து 8.13 மீற்றரை நாடாவால் அளந்து ஒரு கல்லை வைத்தார்கள். கல் குழியைத் தாண்டி, மைதான வேலிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அன்று அவர்களுக்கு ஓவன்ஸ் யார் என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இஸ்தான்புல் போட்டியைப் பற்றி ஒரு நுணுக்கத்தைத் தொகுத்தவர் கவனித்திருக்கலாம். அது உள்ளூர் நேரப்படி இரவு 9.45க்குத் தொடங்கி, மேலதிக நேரமும் தண்டனை உதைகளும் முடிந்தபோது நள்ளிரவைக் கடந்துவிட்டது. லிவர்பூல் தலைவர் கிண்ணத்தைத் தூக்கியது, அந்த ஊரின் கடிகாரப்படி, 26ஆம் திகதி. இலங்கையில் இருந்து பார்த்தவர்களுக்குப் போட்டி தொடங்கியதே 26ஆம் திகதிதான். திகதி என்பது யாருடைய திகதி என்ற இந்தக் கேள்வி நாட்காட்டி முழுவதும் எழுந்துகொண்டே இருக்கிறது. 2007 மார்ச் 17 அன்று அயர்லாந்து வென்ற செய்தி எங்களுக்குக் கிடைத்தது 18ஆம் திகதி அதிகாலையில். 1968 ஒக்டோபர் 18 பிற்பகல் மெக்சிக்கோவில் பொப் பீமன் 8.90 மீற்றர் பாய்ந்தபோது, இங்கே 19ஆம் திகதி விடியப்போகும் நேரம். சம்பவம் நடந்த ஊரின் திகதியைக் கொள்வதே முறை என்று நானும் நினைக்கிறேன்; ஆனால் அந்த முறையை முன்னட்டையில் ஒரு வரியில் சொல்லியிருந்தால், “சேர், என் அப்பா அதை அடுத்த நாள்தானே பார்த்தார்?” என்ற கேள்விக்கு நான் ஒவ்வொரு தடவையும் உலகப் படத்தை விரிக்கவேண்டி வந்திராது. பூகோளப் பாட ஆசிரியர் அதனால் மகிழ்ந்தார் என்பது வேறு விடயம்.

ஏப்ரல் 6 தாள் இதிலும் சிக்கலானது. 1896இல் அன்றைய நாளில் ஏதென்ஸில் முதலாவது நவீன ஒலிம்பிக் விழா தொடங்கியது. அன்றே முப்பாய்ச்சலில் அமெரிக்கரான ஜேம்ஸ் கொனலி வென்று முதலாவது வெற்றியாளரானார். 2014இல் அதே திகதியில் டாக்காவில் இந்தியாவை 6 விக்கட்டுகளால் வென்று இலங்கை இருபதுக்கு 20 உலகக் கிண்ணத்தைப் பெற்றது. சங்கக்கார ஆட்டமிழக்காமல் 52 ஓட்டங்கள் எடுத்தார். இரண்டையும் தாள் சொல்கிறது. ஆனால் 1896இல் கிரேக்கர்கள் பழைய ஜூலியன் நாட்காட்டியையே பின்பற்றினார்கள் என்பதையும், அவர்களுடைய சுவரில் அன்று மார்ச் 25 என்றே இருந்தது என்பதையும், அது அவர்களுடைய சுதந்திர தினம் என்பதால்தான் விழாவை அன்று தொடங்கினார்கள் என்பதையும் அது சொல்லவில்லை. நாட்காட்டி ஒன்றுக்கு நாட்காட்டியைப் பற்றிய கதையைவிடப் பொருத்தமான செய்தி வேறென்ன இருக்க முடியும்?

ஜூன் 25 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; 1932இல் இந்தியா தன் முதலாவது டெஸ்டை லோர்ட்ஸில் தொடங்கியது, 1983இல் அதே திகதியில் அதே மைதானத்தில் உலகக் கிண்ணத்தை வென்றது. இரண்டும் சரியாகவும் சேர்த்தும் தரப்பட்டிருக்கின்றன.

ஜூலை 31 தாளில்தான் எனக்குக் கோபமே வந்தது. எவ்வளவு வளமான திகதி அது! 1956இல் மன்செஸ்டரில் ஜிம் லேக்கர் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 9க்கு 37, 10க்கு 53 என்று ஒரே டெஸ்டில் 19 விக்கட்டுகளை வீழ்த்தி முடித்த நாள். 2012இல் லண்டனில் மைக்கேல் பெல்ப்ஸ் தன் 19ஆவது ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்று, லரிசா லற்றினினாவின் 18 பதக்கச் சாதனையைக் கடந்த நாள். பத்தொன்பதும் பத்தொன்பதும் ஒரே தாளில் அடுத்தடுத்த வரிகளில் அச்சிடப்பட்டிருக்கின்றன. ஆனால் இரண்டும் ஒரே எண் என்பதைத் தாள் கவனித்ததாகவே தெரியவில்லை. அதைக் கண்டுபிடித்தவள் வாசித்த மாணவி. 2006இல் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் மஹேல ஜயவர்தன 374, குமார் சங்கக்கார 287 என்று இருவரும் சேர்ந்து 624 ஓட்டங்களை இணைப்பாட்டமாகக் குவித்த டெஸ்ட், தென்னாபிரிக்காவின் இன்னிங்ஸ் தோல்வியோடு முடிந்ததும் இதே ஜூலை 31இல்தான். அது இடம்பெறவில்லை. அதற்குப் பதிலாக, கார்பீல்ட் சோபர்ஸ் ஒரே ஓவரில் ஆறு ஆறு ஓட்டங்களை அடித்த சம்பவத்தை இங்கே போட்டிருக்கிறார்கள். அது 1968 ஆகஸ்ட் 31, சுவான்சி. மாதம் மாறிவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக, தாளின் அடியில், மற்ற வரிகளைவிடச் சிறிய எழுத்தில், “1948 – டங்கன் வைட், வெள்ளிப் பதக்கம்” என்று ஒரு வரி. அவ்வளவுதான். எந்த நாட்டுக்காக, எந்தப் போட்டியில், எந்த ஊரில் என்பது எதுவும் இல்லை. இலங்கை சுதந்திரம் பெற்று ஆறு மாதம்கூட ஆகாத நிலையில், லண்டன் ஒலிம்பிக்கின் 400 மீற்றர் தடைதாண்டலில் 51.8 செக்கன்களில் ஓடி, இந்த நாட்டின் முதலாவது ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றவர் அவர். அடுத்த பதக்கத்துக்கு நாடு 52 ஆண்டுகள் காத்திருந்தது; 2000 செப்டெம்பர் 28 அன்று சிட்னியில் 200 மீற்றரில் சுசந்திகா ஜயசிங்க பெற்ற வெண்கலம் அது; முதலாவதாக வந்தவர் ஊக்கமருந்து பாவித்ததை ஒப்புக்கொண்டதால் பின்னர் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. டங்கன் வைட் படித்தது கண்டி திரித்துவக் கல்லூரியில். மலையகத்தில் விற்கும் ஒரு நாட்காட்டியில், மலைநகரப் பாடசாலையொன்றில் படித்த ஒலிம்பிக் வீரரைச் சிறிய எழுத்தில் ஒரு வரிக்குள் அடைத்துவிட்டு, வேறு மாதத்துச் சம்பவத்துக்கு நான்கு வரி ஒதுக்குவதை என்னால் இலகுவாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கண்டியைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இன்னும் இரண்டு தாள்கள். டிசம்பர் 3இல், “2007 – முரளிதரன் 709ஆவது விக்கட்டை வீழ்த்தி உலக சாதனை” என்று இருக்கிறது. சரியான செய்திதான். ஷேன் வோர்னின் 708ஐக் கடந்த அந்தப் பந்தில் போல்ட் ஆனவர் இங்கிலாந்தின் போல் கொலிங்வுட். ஆனால் நடந்த இடம் அஸ்கிரிய மைதானம் என்பதைத் தாள் சொல்லவில்லை. தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்து வேலைக்கு வந்த ஒருவரின் பேரன், கண்டியில் பிறந்து, கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்து, உலகில் எவரும் எடுத்திராத எண்ணிக்கையிலான டெஸ்ட் விக்கட்டுகளைத் தன் சொந்த ஊர் மைதானத்தில் எடுத்தார் என்பதே அந்தச் செய்தியின் உயிர்; அது இல்லாவிட்டால் 709 வெறும் கணக்கு. அவருடைய 800ஆவது விக்கட்டுக்கு, 2010 ஜூலை 22 தாளில், காலி மைதானமும், பிடித்தவர் மஹேல என்பதும், அதுவே முரளியின் டெஸ்ட் வாழ்க்கையின் கடைசிப் பந்து என்பதும் விபரமாக எழுதப்பட்டிருக்கின்றன. காலிக்குக் கிடைத்த கவனம் கண்டிக்குக் கிடைக்கவில்லை.

மற்றது டிசம்பர் 1. அந்தத் தாளில் 2010இல் பல்லேகலை மைதானத்தில் முதலாவது டெஸ்ட், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக, தொடங்கியதாக ஒரு வரி வருகிறது. அஸ்கிரியவில் நடந்த கடைசி டெஸ்ட், அதாவது முரளி சாதனை படைத்த அதே போட்டி, தொடங்கியது 2007 டிசம்பர் 1இல். ஒரு மைதானத்தின் கடைசி டெஸ்டும், அதன் இடத்தைப் பிடித்த மைதானத்தின் முதல் டெஸ்டும் மூன்று ஆண்டு இடைவெளியில் ஒரே திகதியில் தொடங்கியிருக்கின்றன! மார்ச் 17ஐப் போல, தானாகவே பேசக்கூடிய தாள் இது. தொகுத்தவர்கள் பாதியை அச்சிட்டுவிட்டு மற்றப் பாதியைத் தவறவிட்டுவிட்டார்கள். அதை நான் பென்சிலால் ஓரத்தில் எழுதினேன்.

பென்சில் எழுத்து ஆண்டு முழுவதும் கூடிக்கொண்டே போனது. செப்டெம்பர் 11 தாளில், 2022இல் டுபாயில் பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்று இலங்கை ஆசியக் கிண்ணத்தைப் பெற்றது பெரிய எழுத்தில் இருக்கிறது. பொருளாதார நெருக்கடியால் நம் நாட்டில் நடத்த முடியாமல் போன தொடரை வெளியூரில் ஆடி வென்ற அணி அது. பெரிய எழுத்துக்கு உரியதுதான். ஆனால் அதே ஆண்டு, அதே நாளில், சிங்கப்பூரில் இலங்கைப் பெண்கள் வலைப்பந்தாட்ட அணி சிங்கப்பூரை 63க்கு 53 என வென்று ஆசியச் சம்பியனானது. ஒரே திகதி என்பதற்கும் மேலாக ஒரே நாள். அது தாளில் இல்லை. எங்கள் வலைப்பந்தாட்ட அணித் தலைவிதான் அதைச் சுட்டிக்காட்டி, சிவப்புப் பேனையால் எழுதினாள். பென்சில் போதாது என்று நினைத்திருப்பாள். பெண்கள் விளையாட்டுக்கு இந்த நாட்காட்டி தரும் இடம் பொதுவாகவே குறைவு. நாட்டின் தேசிய விளையாட்டான, தோட்டங்களில் மாலை நேரத்தில் இரண்டு கம்பங்களும் ஒரு வலையும் இருந்தாலே தொடங்கிவிடும் கரப்பந்தாட்டத்துக்கோ, நான் எண்ணிப் பார்த்தவரையில், ஒரு கையின் விரல்களே போதும்.

அந்தத் தாளை வாசித்து ஆறு நாள் கழித்து, 2023 செப்டெம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. கொழும்பில் நடந்த ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியில் மொஹமட் சிராஜ் 21 ஓட்டங்களுக்கு 6 விக்கட்டுகளை வீழ்த்த, இலங்கை 50 ஓட்டங்களுக்குச் சுருண்டது. திங்கள் காலை பாடசாலைக்கு வந்து பார்த்தால், முந்தைய நாள் தாளின் அடியில் யாரோ “2023 – 50” என்று மட்டும் எழுதியிருந்தார்கள். யார் எழுதியது என்று நான் கேட்கவில்லை. அச்சிட்டவர்கள் விட்டுவைத்த வெற்றிடம் அதற்குப் போதுமானதாக இருந்தது. தாளின் கீழ்ப்பகுதியில் இரண்டு விரல் அகலத்துக்கு இடம் விட்டிருப்பது, திட்டமிட்டதோ தற்செயலோ, இந்த நாட்காட்டியின் மிகப் பயனுள்ள அம்சம்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. விளையாட்டுச் சொற்கள் இலங்கை வழக்கிலேயே உள்ளன; துடுப்பாட்டம், இணைப்பாட்டம், உலகக் கிண்ணம், மெய்வல்லுநர் என்று பிள்ளைகள் வானொலியில் கேட்கும் சொற்களே வருகின்றன. ஆனால் சில தாள்களில் “டாஸ்”, “பேட்ஸ்மேன்” என்று தமிழ்நாட்டு வழக்கு தலைகாட்டுவதைப் பார்த்தால், இரண்டு மூன்று பேர் பிரித்து எழுதியதை ஒருவர் உட்கார்ந்து ஒப்புநோக்கவில்லை என்று தோன்றுகிறது. வெளிநாட்டுப் பெயர்களில் அச்சுப்பிழைகள் உண்டு. ஒரே தாளில் ஒரே வீரரின் பெயர் இரண்டு விதமாக வந்திருக்கிறது. இவை பெரிய குற்றங்கள் அல்ல, அடுத்த பதிப்பில் ஒரு மாலைப் பொழுதில் தீர்க்கக்கூடியவை.

இல்லாத தாள் ஒன்றைப் பற்றியும் என் கடிதத்தில் எழுதியிருந்தேன். 2023இல் பெப்ரவரிக்கு 28 நாட்களே என்பதால் 29ஆம் திகதிக்குத் தாள் கிடையாது. அதனால் 1996 பெப்ரவரி 29 அன்று பூனேயில் கென்யா மேற்கிந்தியத் தீவுகளை வெறும் 93 ஓட்டங்களுக்குச் சுருட்டி வென்ற கதைக்கும் இடம் கிடையாது. உலகக் கிண்ண வரலாற்றின் பேரதிர்ச்சிகளில் ஒன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நினைவுகூரப்படவேண்டும் என்பது அநியாயம். 28ஆம் திகதித் தாளின் பின்புறத்திலாவது அச்சிட்டிருக்கலாம். அதே கென்ய அணி ஒரு வாரத்துக்குள் கண்டிக்கு வந்தது. மார்ச் 6 அன்று அஸ்கிரியவில் அவர்களுக்கு எதிராக இலங்கை 5 விக்கட்டுகளுக்கு 398 ஓட்டங்களைக் குவித்து, பத்து ஆண்டுகள் நிலைத்திருந்த ஒருநாள் போட்டிச் சாதனையைப் படைத்தது. அரவிந்த அதில் 145. மார்ச் 6 தாளில் அதுவும் இல்லை.

2023 டிசம்பரில் அதே புத்தகசாலைக்குப் போனபோது 2024ஆம் ஆண்டுக்கான பதிப்பு வந்திருந்தது. விலை 950 ரூபா. தகரப் பட்டிக்குக் கீழே இம்முறை இரண்டு கம்பித் தையல்கள் போட்டிருக்கிறார்கள். பனிமூட்டத்துக்கு அவை தாங்குமா என்பது ஜூலையில் தெரியும். கல்லாப்பெட்டியில் இருந்தவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்க, நின்ற இடத்திலேயே தாள்களைப் புரட்டினேன். பெப்ரவரி 29 இருக்கிறது. கென்யாவும் இருக்கிறது, 93 என்ற எண்ணிக்கையும் சரி. மார்ச் 6இல் அஸ்கிரிய இன்னும் இல்லை. சோபர்ஸ் ஜூலையிலிருந்து ஆகஸ்ட் 31க்குக் குடிபெயர்ந்துவிட்டார். டங்கன் வைட்டுக்கு இரண்டு வரிகள். லண்டனும் 400 மீற்றரும் வந்துவிட்டன, கண்டி வரவில்லை. டிசம்பர் 1 பழையபடியே கிடக்கிறது. செப்டெம்பர் 11இல், ஆசியக் கிண்ணத்துக்குக் கீழே, வலைப்பந்தாட்டம் ஒரு வரியாக வந்திருக்கிறது. பதில் எழுதாதவர்கள் கடிதத்தை வாசித்திருக்கிறார்கள்.

பாடசாலைக்கு ஒன்றும் வீட்டுக்கு ஒன்றுமாக இரண்டு வாங்கினேன். இராகு காலம் பார்க்கும் கலண்டரின் ஆணியில் இன்னொன்றுக்கு இடமில்லை என்று அம்மா உறுதியாகச் சொல்லிவிட்டதால், வீட்டுக்கு வாங்கியது இப்போது வானொலிப் பெட்டிக்கு மேலே தொங்குகிறது.